அடுப்படியில் மாப்பிள்ளை

"இன்னும் எத்தனை முட்டையை உடைக்கப் போறாராம் உன் வீட்டுக்காரர்?"

பெட்டியைக் கூடத்தில் வைத்த கையோடு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்த அக்காக்காரி, தங்கையிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

உள்ளே மாப்பிள்ளை நாலு நாள் தாடியும் கசங்கிய சட்டையுமாக நின்று மாவு கலக்கிக்கொண்டிருந்தார். மேடை முழுக்க மைதா. சல்லடை ஒரு பக்கம், உருக்கிய வெண்ணெய் ஒரு பக்கம். பாலில் பாதி கிண்ணத்தில், மீதி தரையில்.

"வாங்க அண்ணி, உட்காருங்க. பான்கேக் பண்றேன்."

"அதான் கடையில பாக்கெட்டுல ரெடிமேட் மாவு கிடைக்குதே மாப்பிள்ளை! பாலை ஊத்திக் கலக்கினா முடிஞ்சுது. எதுக்கு இந்தப் பாடு?"

"இல்ல அண்ணி... எல்லாத்தையும் நானே அளந்து போட்டுப் பண்ணலாம்னு..."

தங்கை மேஜையில் கன்னத்துக்குக் கை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து உதவவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. கண்ணை மட்டும் அவர் கையை விட்டு எடுக்கவில்லை.

அக்காக்காரிக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தரம் பார்க்கிற வேலை. ஓரம் கருகியிருந்தாலோ, நடுவில் வேகாமல் இருந்தாலோ தட்டோடு தள்ளிவிடுவாள். மனுஷர்களையும் அப்படித்தான். "மனசுல பட்டதைப் பட்டுனு சொல்லிடுவேன்" என்பதில் அவளுக்கு ஏகப் பெருமை.

மாப்பிள்ளையைப் பற்றி மனசில் பட்டு ரொம்ப நாளாகிறது. பஸ் டிரைவர். முதுகு வலியாம், நீண்ட லீவாம். காலை பத்து மணிக்கு ஃபோன் செய்தாலும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் செய்தாலும் தங்கையிடம் ஒரே பதில்தான்: "அவர் படுத்திருக்கார்க்கா."

வலியாவது கிலியாவது! வளைந்து வேலை செய்யாத உடம்பு என்று அவள் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டாள்.

முதல் பான்கேக் கருகியது. இரண்டாவது திருப்பும்போதே கிழிந்தது. மூன்றாவதைத் தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினார் மாப்பிள்ளை.

விண்டு பார்த்தாள். நடுவில் பச்சை மாவு.

"எப்படி இருக்கு அண்ணி?"

மேஜைக்கு அடியில் தங்கை அவள் காலை மிதித்தாள். அதற்கெல்லாம் அடங்குகிற ஆளா அவள்!

"உள்ளதைச் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. எங்க ஃபேக்டரியா இருந்தா இது தட்டோட குப்பைக்குத்தான் போகும். மாவைப் போட்டு அடி அடின்னு அடிச்சிருக்கீங்க, தீயும் அதிகம். வராத வேலையை எதுக்கு மாப்பிள்ளை இழுத்துப் போட்டுக்கணும்? கொடுங்க அந்தக் கரண்டியை."

கொடுத்துவிட்டார்.

"சரிங்க அண்ணி" என்றார். கையைக் கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அறைக்குள் போனார். கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

கால் மணி நேரத்தில் அக்காக்காரி எட்டு பான்கேக் அடுக்கிவிட்டாள். எல்லாம் ஒரே வட்டம், ஒரே பொன்னிறம்.

"மாப்பிள்ளையைக் கூப்பிடுடி, ஆறிடப் போகுது."

"வர மாட்டார்க்கா."

"ஒரு வார்த்தை சொல்லிட்டா உடனே போய்ப் படுத்துக்கறதா? எல்லாம் நீ கொடுக்கிற இடம்..."

"முதுகு வலின்னு நான் சொன்னது பொய்க்கா."

தங்கையின் குரலில் கோபம் இல்லை. அதுதான் அக்காக்காரியைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"அவர் ஓட்டின பஸ்ஸுக்குக் குறுக்க ஒரு அம்மா ஓடி வந்துட்டாங்க. பிழைக்கலை. இவர் மேல தப்பில்லைன்னு விசாரணையில எழுதியே கொடுத்துட்டாங்க. இவர்தான் ஒத்துக்கலை. அன்னைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், எட்டு மாசமாச்சு. குளிக்க, சாப்பிடக்கூட நான் கையைப் பிடிச்சு எழுப்பணும். 'ஒரு நாள் அவரா எழுந்து ஏதாவது செய்வார், அப்ப மட்டும் குறுக்க போயிடாதீங்க'ன்னு டாக்டர் சொல்லியிருந்தார். இன்னைக்குத்தான் எழுந்தார்."

அக்காக்காரி அடுப்பை அணைத்தாள்.

"இதை ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அடுத்த ரயில்லயே வந்து அவரைத் திருத்த ஆரம்பிச்சிருப்பேக்கா."

அக்காக்காரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

போய்க் கதவைத் தட்டினாள்.

"மாப்பிள்ளை... ஏதோ வாய்த்துடுக்குல சொல்லிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. வாங்க, எனக்கு இன்னொண்ணு போட்டுக் கொடுங்க."

மறுபடி தட்டினாள். கட்டில் ஒரு தடவை கிரீச்சிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்க வேண்டும்.

அதற்கு மேல் தட்ட அவளுக்குக் கை வரவில்லை. திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தாள்.

"எட்டு மாசமா எழுந்திருக்காத மனுஷன், இன்னைக்கு மட்டும் எப்படிடி எழுந்தார்?"

தங்கை மேடையில் கிடந்த மாவைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"நேத்து நீ வர்றதாச் சொன்னேன். 'அண்ணி பாவம், பசியோட வந்து இறங்குவாங்க, என் கையால ஏதாவது பண்ணி வைக்கிறேன்'னார்."