மேல்தட்டு

கப்பலில் வந்த கச்சா எண்ணெயை உலையில் காய்ச்சி, உயரமான ஒரு கோபுரத்துக்குள் விட்டார்கள். லேசான பெட்ரோல் ஆவியாகி விறுவிறுவென்று ஏறி, உச்சித் தட்டில் குளிர்ந்து உட்கார்ந்துகொண்டது. கனத்த எண்ணெய்களான அண்ணனும் தம்பியும் அடியிலேயே தங்கிவிட்டன.

"உங்களுக்கெல்லாம் முன்னேறணும்னு ஆசையே கிடையாதா?" என்று மேலேயிருந்து கேட்டது பெட்ரோல்.

"வேணும்னேவா இங்க கிடக்கோம்? எங்க உடம்புவாகு அப்படி" என்றது தம்பி.

பிறகு தம்பியை மட்டும் வேறொரு கலனுக்குத் தள்ளினார்கள். அங்கே கடும் சூடு. போதாததற்கு வினையூக்கிப் பொடி வேறு. தம்பியின் நீளநீளமான மூலக்கூறுகள் படபடவென்று உடைந்து குட்டிகுட்டியாகிவிட்டன. குளிர்ந்து பார்த்தால், அதுவும் பெட்ரோல்! நேராகப் பெட்ரோல் தொட்டிக்கே போய்ச் சேர்ந்தது.

"வாங்க, வாங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தது பழைய பெட்ரோல்.

அண்ணன் தாராகிவிட்டிருந்தது. ரோடு போடுவதற்காகப் பக்கத்துக் குழாயில் போய்க்கொண்டிருந்த அது, தம்பியின் குரலைக் கேட்டு நின்றது. "டேய் தம்பி! நல்லா இருக்கியாடா?"

"யாருங்க அது? உங்க சொந்தமா?" என்று கேட்டது பழைய பெட்ரோல்.

"சேச்சே! ஒரே கப்பல்ல வந்தோம், அவ்வளவுதான்" என்றது புதுப் பெட்ரோல்.