மானியம் வாங்கித் தந்த சண்டை

ஊர்ச் சங்கங்களுக்கு மானியம் தேடி விண்ணப்பம் எழுதுவதெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவு இயந்திரந்தான். எல்லா விண்ணப்பமும் ஒரே அச்சு. எல்லாமே தள்ளுபடி.

"இந்தத் தடவை நானே அனுப்புறேன்," என்றார் செம்பியன்துறை வரலாற்றுச் சங்கச் செயலாளர் ஜெசிந்தா. கூட்டங்களில் பேசியதைப் பதிந்த மினிட் புத்தகத்தையே நகலெடுத்து அனுப்பினார். ஊர்க்கிணற்றை வெட்டியது வளையல்காரி என்று அவரும், நவாப் என்று பொருளாளர் காதரும் பதினோரு வருடம் போட்ட சண்டை அதில் வரிவரியாக இருந்தது.

மறுநாளே மானியக் குழுவிடமிருந்து பதில் வந்தது: "உயிருள்ள சங்கம். மூன்றாண்டு மானியம். நிபந்தனை: விவாதம் நிற்கக் கூடாது."

காதர் நெகிழ்ந்துபோனார். "நீ சொன்னதுதாம்மா சரி. வளையல்காரிதான் வெட்டினா."

ஜெசிந்தா பாய்ந்து கதவைச் சாத்தினார். "மூணு வருஷம் கழிச்சு ஒத்துக்கங்கண்ணே! இப்ப கூட்டத்துக்கு வந்து என்னைத் திட்டுங்க."