சுவரொட்டிக்கு ஒரு கண்

சகல தொழிலாளப் பெருமக்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: கண் பாதுகாப்பு வாரத்தை முன்னிட்டு, ஆலை வரலாற்றிலேயே முதல் முறையாக, ஒரு தொழிலாளியின் கண் சுவரொட்டியில் இடம்பெறும். தேர்வாகும் கண் மேற்கொண்டு கெடாமல் இருக்கும்பொருட்டு, அதற்கு உரியவர் அன்றே ஸ்டோர் ரூமுக்கு மாற்றப்படுவார்.

மற்ற கண்கள் கெட்டால் என்ன செய்வது என்று அறிவிப்பில் ஒன்றும் இல்லை.

கிரைண்டிங் பிரிவின் பதினோரு பேரும் வரிசையில் நின்றார்கள். போன மாதம் வந்து சேர்ந்த மேனேஜர், சந்தையில் சொத்தைக் கத்தரிக்காய் ஒதுக்குகிறவரைப் போல ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

எல்லாம் சிவப்பு.

இரும்புப் பொடி பறக்கிற இடத்தில் கண் வேறெந்த நிறத்தில் இருக்கும்? பாதுகாப்புக் கண்ணாடிகள் இல்லாமலில்லை. தொலைந்துபோகக் கூடாதென்று ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

வரிசையின் கடைசியில் மாப்பிள்ளை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆன பிறகும் தினம் சவரம் செய்துகொண்டு வருவதால் வந்த பெயர்.

அவருக்கு ஸ்டோர் ரூம் வேண்டும். மூன்று முறை மனு எழுதிப் போட்டாயிற்று. மூன்றும் பரிசீலனையில் தூங்குகின்றன. வீட்டுக்காரி தினமும் காலையில் ஒரே பாட்டு: "இருக்கறதையாவது பத்திரமா வச்சுக்கிட்டு வாங்க."

மேனேஜர் நெருங்கியதும் மாப்பிள்ளை முகத்தைச் சற்றே வலப்பக்கம் திருப்பி, இடது கண்ணை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். மூச்சு விடவில்லை.

மேனேஜர் அசந்துபோனார். "அடடா! பால் மாதிரில்ல இருக்கு!"

"அந்தக் கண்ணுன்னா அண்ணனுக்கு உசுரு சார். தினம் தனியா கழுவுவாரு" என்றார் பக்கத்தில் நின்றவர். வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் இருமியது.

போட்டோகிராபர் அந்த ஒரு கண்ணை மட்டும் முப்பது முறை எடுத்தார். மேனேஜர் அங்கேயே ஒரு சிற்றுரை ஆற்றினார். ஒழுக்கமாக வேலை செய்கிறவன் கண் இப்படித்தான் இருக்குமாம். மற்றவர்கள் பார்த்துத் திருந்த வேண்டுமாம்.

மாறுதல் உத்தரவு நின்ற இடத்திலேயே கையெழுத்தானது. மாப்பிள்ளை அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யாராவது மனம் மாறுவதற்குள் ஸ்டோரை நோக்கி நடையைக் கட்டினார்.

மறுவாரம் வாசலில் நாலடி உயரத்துக்குக் கண் ஒட்டப்பட்டது. கீழே கொட்டை எழுத்தில்: 'அக்கறை இருந்தால் கண் இப்படி இருக்கும்.'

அந்த இடது கண் பிளாஸ்டிக். அசல் கண் போன வருஷம் இதே கிரைண்டிங் பிரிவில் போனது. ஆலைப் பதிவேட்டில் அது 'சொந்த வேலையாக நாற்பது நாள் விடுப்பு.'