உதடு குவியாத பதில்

"திரும்பவும் தப்பு அத்தா. உதடு குவியுது."

காதர் மைதீன் கைக்கண்ணாடியை முறைத்தார். ஜூரோங் கப்பல் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் 'நோ லா, நோ லா' என்று சொல்லிப் பழகிய வாய். லேசில் அடங்குமா?

"இல்லைங்கிறதுக்கு ஸ்பானிஷ்லயும் நோதானே? இதுல என்ன பெரிய பாடம்?"

"இங்கிலீஷ்ல 'நோவ்'னு கடைசியில உதட்டைக் குவிச்சு முடிப்பாங்க. ஸ்பானிஷ்ல அது கூடாது. தொடங்கின மாதிரியே முடியணும்," என்றாள் இளைய மகள் மர்யம். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஸ்பானிஷ் படித்தவள். "எங்க, நோன்புன்னு சொல்லுங்க."

"நோன்பு."

"அந்த நோ!"

"அட, இது நம்ம எழுத்துதானே!"

"ஆமா. அவங்களுக்கு அ, எ, இ, ஒ, உன்னு அஞ்சே உயிரெழுத்துச் சத்தம்தான். எந்த வார்த்தையில வந்தாலும் மாறாது. இங்கிலீஷ்லயே பேசிப் பழகின நாங்கதான் கிளாஸ்ல இழுத்து இழுத்துத் திட்டு வாங்கினோம்."

"நோ," என்றார் காதர் மைதீன். சுத்தியலால் ஆணி அடித்த மாதிரி விழுந்தது.

இன்னும் ஒரு மணி நேரத்தில் டியேகோவின் அம்மா பிலார், ஸ்பெயினிலிருந்து வீடியோவில் வரப்போகிறார். அக்கா ஆயிஷாவுக்கும் டியேகோவுக்கும் கல்யாணம் நடக்குமா, நடக்காதா என்பது இன்று தெரிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர் பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை. டியேகோ கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இருந்தும் மூன்று மாதமாக இந்தக் கல்யாணம் பற்றி வாய் திறக்காத அத்தா, இன்று காலை எழுந்ததும் மர்யமிடம் கேட்டது இந்த ஒரு சொல்லைத்தான்.

"டியேகோவே மொழிபெயர்த்துச் சொல்லுவாரே அத்தா. நீங்க ஏன் சிரமப்படணும்?"

"நடுவுல ஒருத்தன் நின்னா பேச்சுல சர்க்கரை போட்டுடுவான். பட்டறையில மேனேஜர் சொன்னதை ஃபோர்மேன் மாத்திச் சொல்லி நான் பட்டது போதும். அந்தம்மா என்ன கேக்கப்போறாங்கன்னு டியேகோ வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல சொல்லிட்டான். பதிலை என் வாயாலதான் சொல்லணும். அவங்களுக்குச் சந்தேகமே வரக்கூடாது."

"அக்கா பாவம் அத்தா."

"உன்னை வக்கீலா வச்சேனா, வாத்தியாரா வச்சேனா? அந்தம்மாவை மரியாதையா எப்படிக் கூப்பிடுறது, அதைச் சொல்லு."

"செஞோரா. கடைசி 'ரா'வை முழுங்காதீங்க. செஞோர்னா ஆம்பளை."

"அது வேறயா? நோ, செஞோரா."

நான்கு மணிக்கு, தேக்கா கடைத்தெருவில் வாங்கிய லட்டுப் பெட்டியோடு டியேகோ பூன் லேயில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். சட்டை முதுகெல்லாம் வியர்வை. ஆயிஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். அத்தனை 'நோ'வும் அறைக்குள் இருந்த அவள் காதில் விழுந்திருந்தது. கண் சிவந்து கிடந்தது.

திரையில் பிலார் வந்தார். நரைத்த தலை. சிரிப்பில்லாத முகம். வேறு யாரையும் பார்க்காமல் காதர் மைதீனையே பார்த்து, ஒரே மூச்சில் ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். குரல் நடுங்கியது.

டியேகோ வாயைத் திறக்கப் போனான். காதர் மைதீன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நோ, செஞோரா."

உதடு குவியவில்லை. 'ரா' முழுசாக விழுந்தது.

ஆயிஷா விருட்டென்று எழுந்து அறைப்பக்கம் நடந்தாள். மர்யம் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"விடு மர்யம். அதான் சொல்லிட்டாரே."

"திரும்பிப் பாருக்கா."

திரையில் பிலார் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். டியேகோ அத்தாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றான்.

"அவங்க பொண்ணு கேக்கலைக்கா," என்றாள் மர்யம். "'கல்யாணம் ஆனதும் என் பையனை என்கிட்டயிருந்து பிரிச்சிடுவீங்களா?'ன்னு கேட்டாங்க."