வடக்குச் சுவரில் ஒரு கோடு

எவ்வளவு உயரத்தில் ட்ரோனைப் பறக்கவிட்டீர்கள் என்றுதான் விசாரணை அதிகாரி முதலில் கேட்டார்.

எண்பது மீட்டர் என்றான். இன்னும் கொஞ்சம் இறக்கியிருந்தால் தெரிந்திருக்குமோ என்று ஒன்பது நாளாகத் தன்னைத்தானே குடைந்துகொண்டிருந்தான்.

கல்குவாரியின் வடக்குச் சுவர் சரிந்து ஐந்து பேரை மூடிவிட்டது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் அவன் அந்தச் சுவரை மேலிருந்து படமெடுத்துவிட்டு வந்திருந்தான்.

படமெடுப்பது அவன் வேலை. நானூறு படங்களையும் கணினியில் ஒட்டி ஒரே வரைபடமாக்குவது அவன் மனைவியின் வேலை. அவர்கள் கொடுத்த வரைபடத்தில் சுவர் ஒரு கீறலும் இல்லாமல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அதை நம்பித்தான் சுவரடியில் ஆள் இறக்கினார்கள்.

செத்தவர்களில் ஒருவரின் அண்ணன் போன் செய்திருந்தார். திட்டவில்லை. மேலேயிருந்து பார்த்தீர்களாமே என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவன் ட்ரோன் பெட்டியைத் தொடவே இல்லை.

ஒட்டுவதற்கு முந்தைய படங்களைப் பார்க்க வேண்டும் என்றார் அதிகாரி. மனைவி உள்ளறையிலிருந்து லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இருநூற்று ஏழாவது படத்தில் அதிகாரியின் விரல் நின்றது. சுவரின் உச்சியில் தலைமுடி கிடப்பதுபோல் ஒரு கறுப்புக் கோடு. அடுத்த இரண்டு படங்களிலும் அது இருந்தது.

விரிசல்தான். அவன் கேமரா அதைத் தவறவிடவில்லை.

நெஞ்சுப் பாரம் சட்டென்று இறங்கியது. இறங்கியதற்காக மறுகணமே கூசிப்போனான்.

அதிகாரி வரைபடத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து, படத்தில் இருக்கும் கோடு இதில் எங்கே போயிற்று என்று கேட்டார். அவன் மனைவி பக்கம் திரும்பினான்.

"ரெண்டு படம் சரியா பொருந்தலைன்னா இப்படிக் கோடு விழும். ஒட்டின தடம்னு நெனச்சு நான்தான் அழிச்சேன்," என்றாள் மனைவி. தலையை நிமிர்த்தவே இல்லை.

இந்த ஒன்பது நாளும் அவள் சாப்பாடு இறங்காமல் கிடந்தது தனக்காக என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அழித்தது அவளாக எடுத்த முடிவா என்று அதிகாரி நிதானமாகக் கேட்டார். பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது.

"அழிக்கச் சொன்னது நான்தான் சார்."

அவள் திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேஜைக்கு அடியில் அவன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அதிகாரி எழுதி முடித்துக் காகிதத்தைத் திருப்பி வைத்தார். அவன் கையெழுத்துப் போட்டான்.

அந்தக் கோட்டை அவள் அழித்த மதியம் அவன் வீட்டிலேயே இல்லை. வெளியூரில், புதிதாகப் போடப்போகும் சாலை ஒன்றுக்குப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

அன்று அவள் மூன்று முறை போன் செய்திருந்தாள். வேலை நேரத்தில் என்ன தொந்தரவு என்று அவன் எடுக்கவில்லை. எதற்குக் கூப்பிட்டாய் என்று பிறகும் கேட்கவில்லை.