கறுப்பு எண்ணெய், பச்சைச் சான்றிதழ்

உச்சிமாகாளி ஐந்தரைக்குக் கடையைத் திறந்தான். வாசலில் தண்ணீர் தெளித்தான். சாமி படத்துக்குப் பூ வைத்தான். நேற்றைய எண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிச் சட்டியில் ஊற்றினான். குறைந்துபோன அளவுக்குப் புது எண்ணெய் சேர்த்தான். அடுப்பைப் பற்றவைத்தான். முதல் ஈடு காரச்சேவு ஆறேகாலுக்கு வெந்தது.

அந்தச் சட்டியின் அடியில் கிடந்த எண்ணெய்க்கு என்ன வயது என்று அவனுக்கே தெரியாது. போன பொங்கலுக்கு ஊற்றியதாக இருக்கலாம். அதற்கு முந்தின பொங்கலுக்கு ஊற்றியதாகவும் இருக்கலாம். சங்கரன்கோவிலில் சேவு போடுகிற எவனும் எண்ணெயைக் கீழே கொட்டியதாக அவன் கேள்விப்பட்டதில்லை.

இந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் ஷீலா வந்தாள். ஒரு தொண்டு நிறுவனத்தின் பசுமைக் கடைத் திட்டத்துக்கு ஊரில் அவள்தான் பொறுப்பு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்.

"ரெண்டு மூணு தடவ பொரிச்ச எண்ணெயத் திரும்பத் தொடக்கூடாது அண்ணாச்சி. எங்ககிட்டக் குடுத்திருங்க. டீசலா மாத்தி லாரி ஓட்டலாம்."

"நம்ம கடையில எண்ணெ மிஞ்சாதும்மா."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

வாரம் ஒரு டின் வீதம் மூன்று வெள்ளிக்கிழமை பழைய எண்ணெய் கொடுத்தால் பசுமைச் சான்றிதழ். அது இருந்தால்தான் ஆடித்தபசுத் திருவிழாவில் கடை போட இடம் என்று வியாபாரிகள் சங்கமும் சொல்லிவிட்டது. திருவிழாக் கடை இல்லையென்றால் உச்சிமாகாளிக்கு அந்த வருஷமே இல்லாத மாதிரி.

"சட்டிய ஒருதடவ காலி பண்ணிக் குடுத்தாத்தான் என்ன?" என்றாள் மனைவி கோமதித்தாய்.

"ஏட்டி, ருசியே அந்த எண்ணெயிலதான இருக்கு!"

"ருசியா? ஈ கூட உக்கார யோசிக்குது."

லோடு ஆட்டோ கபீர்தான் வழி சொன்னான். கேட்காமலே வந்து காதைக் கடித்தான்.

"வே, எங்கிட்ட ஒரு டின் பழைய எண்ணெ இருக்கு. தாரு கணக்கா இருக்கும். ரெண்டு கிலோ சேவு குடும், வெள்ளிக்கிழம காலையில பின்வாசல்ல இறக்கிருதேன். யாருட்டயும் மூச்சு விடாதேயும்."

முதல் வெள்ளிக்கிழமை ஷீலா டின்னைத் திறந்தாள். ஒரு சோதனைத் தாளை முக்கிப் பார்த்தாள். டின்னுக்குப் பக்கத்தில் அவனைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். "வண்டி வந்து எடுத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் போய்விட்டாள். அவன் வியாபாரத்தைக் கவனித்துவிட்டு வந்து பார்த்தபோது பின்வாசலில் டின் இல்லை.

இரண்டாவது வெள்ளியும் அப்படியே.

"படிச்ச புள்ள. ஒரு மண்ணும் தெரியல" என்று சட்டிக்கு முன்னால் நின்று சிரித்தான்.

"வாய மூடுங்க. இன்னும் ஒரு வாரம் கெடக்கு" என்றாள் கோமதித்தாய்.

மூன்றாவது வெள்ளி ஷீலா டின்னை ரொம்ப நேரம் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது உங்க கடை எண்ணெதானா?"

"எங்க அம்மை மேல சத்தியமா."

அம்மை போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். இனி அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

 ஷீலா டேப்லெட்டில் எதையோ தட்டினாள். போனை எடுத்து, "நேரா பின்வாசலுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து நிமிஷத்தில் சந்துக்குள் ஒரு லோடு ஆட்டோ திரும்பியது. இறங்கியவன் கபீர். உச்சிமாகாளியின் முகத்தை அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

உச்சிமாகாளி சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிடித்துவிட்டாள். பாவி, எல்லாவற்றையும் கக்கியிருப்பான். திருவிழாக் கடை போயிற்று. போலீஸ் வரைக்கும் போகுமோ என்னவோ. முன்பக்கம் யாரோ கால் கிலோ சேவு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் டின்னுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

ஷீலா பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவி நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான். திறந்து பார்த்தால் இரண்டு பச்சை இலைகளுக்கு நடுவில் அவன் பெயர். பசுமைச் சான்றிதழ்!

நம்முடைய எண்ணெயைப் பார்த்து அந்தப் பெண் கண்கலங்கிப் பாராட்டிவிட்டுப் போனாள் என்றுதான் சாயங்காலம் மனைவியிடம் சொன்னான். ஆனால் ஷீலா கிளம்பும்போது கடைசியாகப் பேசியது அவனிடம் இல்லை, கபீரிடம்:

"பாய், சிந்தாமத் தூக்குங்க. ஊருக்கே பழைய எண்ணெ இந்த ஒரு டின்னுதான் இருக்கு. பத்து மணிக்கு இதையே வச்சுப் பக்கடாக் கடையில போட்டோ எடுக்கணும்."