ராத்தாவின் பங்கு

ஏறாவூரில் இளைய மகள் ஸுஹைனாவுக்குக் கல்யாணம். உம்மா வீட்டுச் சாமான்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தேக்கு அலுமாரி யாருக்கு உம்மா?" மூத்தவள் ஸஹீதா கேட்டாள்.

"தங்கச்சிக்கு."

"தையல் மெஷின்?"

"அதுவும் அவளுக்குத்தான்."

"இந்த வீட்டையும் அவளுக்கே சீதனமாக எழுதியாச்சு. நான் என்ன, தவிட்டுக்கு வாங்கின புள்ளயா?"

"உனக்கும் ஒரு வீடு தந்தன்தானே?"

"ராத்தாவுக்கு வயிறு எரியுது!" என்று ஸுஹைனா சிரித்தாள்.

ஸஹீதா விறுவிறுவென்று போய், வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினாள். உம்மாவும் ஒரு துணிப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க எங்க?"

"உன்ட வீட்டுக்கு. இனி அங்கதான் இருக்கப்போறன். சாமானுக்கு அவள் போதும், எனக்கு நீதான் வேணும்."

வாசலில் ஸுஹைனாவின் முகம் கறுத்தது.

"எப்பவும் உங்களுக்கு ராத்தாதான் பெரிசு!"